ஹருகோ சுகிமுரா துணை வேடங்களில் வீணானாரா?

அரங்கநேசன்:
நடிகை ஹருகோ சுகிமுராவின் ஆற்றலை ஜப்பானியத் திரைத்துறை வீணாக்கிவிட்டது என்பதே என் உறுதியான கருத்து. 1937இல் புங்காகுசா நாடகக் குழு தொடங்கியபோதே அதில் இடம்பெற்ற அவர், போர் உச்சத்தில் இருந்த 1945இல் ‘ஒரு பெண்ணின் வாழ்க்கை’ நாடகத்தின் நாயகியை இளமை முதல் முதுமை வரை தாமே நடித்து, பின்னர் அதே வேடத்தை 900 தடவைகளுக்கு மேல் ஏற்றார். அத்தகையவருக்குத் திரையில் பெரும்பாலும் கிடைத்தவை அத்தை, அண்டை வீட்டுக்காரி, சிடுசிடுக்கும் மகள் ஆகிய வேடங்களே.

நிலாமுற்றம்:
வேடத்தின் நீளத்தை வைத்து நடிப்பை அளப்பதை என்னால் ஏற்க இயலவில்லை, ஐயா. இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ படத்தில் (1953) அழகு நிலையம் நடத்தும் மூத்த மகள் ஷிகே, ஊரிலிருந்து வந்த பெற்றோரை வாடிக்கையாளரிடம் யாரோ தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடுகிறாள், தாய் பிழைக்கமாட்டாள் என்று அறிந்ததும் உடைந்து அழுபவளும் அவளே, இறுதிச் சடங்கு முடிந்து உண்ணும்போதே தாயின் உடைகளைக் கேட்பவளும் அவளே. அந்த அழுகை பொய்யென்று ஒரு கணமும் தோன்றாதபடி சுகிமுரா நடித்திருப்பதால்தான் ஷிகேயை நம்மால் வெறுத்து ஒதுக்க முடிவதில்லை.

அரங்கநேசன்:
ஷிகேயின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனால், இயக்குநர் நருசே 1954இல் ‘லேட் கிரிசாந்திமம்ஸ்’ படத்தில் அவருக்கு முதன்மை வேடம் கொடுத்தார். வட்டிக்கு விடும் முன்னாள் கெய்ஷாவான (விருந்துகளில் ஆடிப்பாடி மகிழ்விக்கும் தொழில்முறைக் கலைஞர்) கின், ஆவலோடு காத்திருந்த பழைய காதலன் பணம் கேட்கவே வந்தான் என்று உணர்ந்து அவனது புகைப்படத்தை எரிக்கும் காட்சியைப் பாருங்கள். இதைச் செய்யக்கூடியவரிடம் மற்ற இயக்குநர்கள் ஏன் சில நிமிடங்களை மட்டும் கேட்டார்கள்?

கடலோரம்:
நாடகமே அவருக்கு வீடாக இருந்ததால்தான் ஒரே திரைப்பட நிறுவனத்தில் அடைபடாமல் ஷோச்சிகு, தோஹோ, டாயே என எல்லா இடங்களிலும் அவரால் நடிக்க முடிந்தது. இயக்குநர் குரோசாவாவின் ‘ரெட் பியர்ட்’ (1965) படத்தில் விலைமாதர் விடுதித் தலைவியாக வந்தவரும் அவரே.

நிலாமுற்றம்:
அந்தச் சில நிமிடங்களைப் பற்றியே பேசுகிறேன். ஓசுவின் ‘லேட் ஸ்பிரிங்’ படத்தில் (1949) மணப்பெண்ணும் தந்தையும் அறையைவிட்டுச் சென்றபின், அத்தையாக வரும் சுகிமுரா எதையேனும் மறந்துவிட்டோமா என்று பார்ப்பவரைப் போல அறையை ஒருமுறை சுற்றிவந்துவிட்டு வெளியேறுகிறார். தாயில்லாத பெண்ணுக்காகத் திருமணத்தை முன்னின்று முடித்தவள், அவள் வளர்ந்த அறையிடம் விடைபெறுவதாகவே அதை நான் காண்கிறேன். அங்கே வசனம் ஒன்றுகூட இல்லை.