ஒரு ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 1.4 ஜிபி ஓடிய கதை: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

இரவுஷிப்ட்
ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. புது ஸ்டோரேஜ் வந்திருந்தது. ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க் கொடுக்கும் முறை) வழியாக ஒரு லன், அதாவது ஸ்டோரேஜிலிருந்து பிரித்த ஒரு டிஸ்க், கொடுத்தார்கள், எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்டு மவுண்ட் செய்தேன். வழக்கமான டிடி (டேட்டாவைக் காப்பி செய்யும் லினக்ஸ் கமாண்ட்): வெறும் ஜீரோ தரும் தேவ்-ஜீரோவிலிருந்து 1 எம்பி பிளாக், 1024 தடவை எழுதச் சொன்னேன். நொடிக்கு 1.4 ஜிபி என்று வந்தது. அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, மீட்டிங்கில் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நெட்வொர்க் டீமில் ஒரு அக்கா. அதுவரை வாயே திறக்கவில்லை. "தம்பி, இந்த சர்வர்லேர்ந்து ஸ்டோரேஜுக்குப் போற லைன் எவ்வளவு?" என்றார். ஒரு ஜிகாபிட் என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு ஜிகாபிட் என்றால் கணக்குக்கு 125 எம்பி. ஹெடர் எல்லாம் போக 118 வந்தாலே பெரிது. நான் அதைப்போலப் பன்னிரண்டு மடங்கைத் திரையில் போட்டுவைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அதுதான் இன்னும் குத்துகிறது.

என் சர்வரில் 64 ஜிபி ரேம். நான் அளந்தது அந்த ரேமைத்தான். டேட்டா ரேமில் சேர்ந்ததுமே, கேபிளைத் தொடுவதற்கு முன்பே, டிடி வேலையை முடித்துக் கணக்கையும் சொல்லிவிட்டது.

கமிட்
உங்களுடையது மீட்டிங்கோடு போயிற்று. என்னுடையது புரொடக்‌ஷனுக்கே போய்விட்டது.

ஸ்டோரேஜ் நிறுவ வந்தவர் எஃப்ஐஓ (டிஸ்க் வேகத்தை அளக்கும் கருவி) ஓட்டிக் காட்டினார். 4கே ரேண்டம் ரைட், ஐஓடெப்த் 64 (ஒரே நேரத்தில் 64 கோரிக்கை), 30,000 ஐஓபிஎஸ், அதாவது நொடிக்கு 30,000 ரைட். நானும் கையெழுத்துப் போட்டேன். டேட்டாபேஸை மாற்றினோம். மாதக் கடைசியில் ஓடும் ஒரு புரோகிராம், மூன்று லட்சம் வரிகள், வரிக்கு ஒரு கமிட், அதாவது ஒவ்வொரு வரியும் டிஸ்க்கில் பதிந்தது என்று பதில் வரும்வரை நிற்கும். (அப்படி எழுதியவரைப் பற்றித் தனியாகப் பேசலாம்.) பழைய சர்வரில், பேட்டரி வைத்த ரெய்டு கார்டில் (தன் மெமரியில் வாங்கியதுமே பதில் சொல்லிவிடும் டிஸ்க் கார்டு), அரை நிமிடத்தில் முடியும். புதியதில் பத்து நிமிடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் பிரிவு மேடம் என் மேஜைக்கு வந்து நின்றார். "சார், புதுசுன்னு சொன்னீங்களே?" அவ்வளவுதான் கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி ஐஓடெப்த் 1 வைத்து, ஒவ்வொரு ரைட்டுக்கும் எஃப்சிங்க் (டிஸ்க்கில் பதிந்த பிறகே பதில் சொல் என்ற கட்டளை) போட்டு ஓட்டினேன். நொடிக்கு 480. அதாவது ஒரு ரைட் போய்ப் பதில் வர 2 மில்லிசெகண்ட். வந்தவர் காட்டிய 30,000ஐயும் பிரித்துப் பாருங்கள்: 64ஐ அதால் வகுத்தால் அதே 2 மில்லிசெகண்டுதான் வருகிறது. பொய் ஒன்றும் சொல்லவில்லை அவர். 64 பேர் ஒரே நேரத்தில் கேட்டால் 30,000. என் புரோகிராம் ஒற்றை ஆள், ஒரு பதில் வந்தால்தான் அடுத்ததைக் கேட்கும்.

பழையரூட்
இரவுஷிப்ட், டிடி மேல் பழி போடாதீர்கள். கான்வ்=எஃப்டேட்டாசிங்க் (டேட்டா டிஸ்க்குக்குப் போன பிறகே கணக்கைச் சொல்) என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அதே டிடி உண்மையைச் சொல்லியிருக்கும். இன்னொன்று: அது ஐஸ்கஸியாக இல்லாமல் என்எஃப்எஸ்ஸாக (டிஸ்க்காக அல்ல, ஃபைல்களாக நெட்வொர்க்கில் பகிரும் முறை) இருந்திருந்தால், ஃபைலை மூடும்போதே கிளையண்ட் மிச்சம் மீதியை எல்லாம் சர்வருக்குத் தள்ளிவிடும். கேபிள் வேகத்துக்கு மேல் உங்களுக்கு வந்திருக்காது. கருவி அல்ல தப்பு.

என் கதை சின்னது. என்எஃப்எஸ் ஒன்று வேகமாக எழுதுகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் எக்ஸ்போர்ட்டில் (பகிர்வு அமைப்பில்) அசிங்க் என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். டிஸ்க்கில் எழுதாமலே எழுதியாயிற்று என்று பதில் சொல்லும். ஒருநாள் கரண்ட் போனது. அப்போதுதான் தெரிந்தது.

சரி, புதிதாக வருபவர்களுக்குச் சில விஷயம். முதலில் ஐபெர்ஃப் போட்டு லைனை மட்டும் அளந்து வையுங்கள், டிஸ்க்கைத் தொடாதீர்கள். 4கே பிளாக்கில் ஒரு ஜிகாபிட் லைன் ஏறக்குறைய 28,000 ஐஓபிஎஸ்ஸுக்கு மேல் கொடுக்கவே முடியாது. அதைத் தாண்டினால் உங்கள் ரேமைப் படிக்கிறீர்கள். ஜீரோவை எழுதி அளக்காதீர்கள், சுருக்கி வைக்கும் ஸ்டோரேஜ் அதை டிஸ்க்கில் எழுதவே எழுதாது. தின் லன்னில் (எழுதும்போதுதான் இடம் ஒதுக்கும் லன்) எழுதாத இடத்தைப் படித்தால், டிஸ்க்கைத் தொடாமலே ஜீரோவைத் திருப்பிக் கொடுக்கும், ஆகவே முதலில் முழுக்க எழுதி நிரப்புங்கள். டெஸ்ட் ஃபைல் ஸ்டோரேஜின் கேஷைவிட (வேகத்துக்காக இடையில் வைத்திருக்கும் மெமரி) பெரிதாக இருக்க வேண்டும். எஃப்ஐஓவின் டைரக்ட்=1 உங்கள் பக்கத்துக் கேஷை மட்டும்தான் தாண்டும், எதிர்ப்பக்கத்துக் கேஷ் அங்கேயேதான் இருக்கும். சராசரியைப் பார்க்காதீர்கள், 99வது சதமானத்தை, அதாவது நூற்றில் 99 கோரிக்கை எந்த நேரத்துக்குள் முடிகிறது என்பதைப் பாருங்கள். எட்சிடி (கிளஸ்டரின் அமைப்புத் தகவலை வைக்கும் டேட்டாபேஸ்) மாதிரி ஆட்கள் எஃப்சிங்க்கின் 99வது சதமானம் 10 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஐஓஸ்டாட்டில் (டிஸ்க் நடப்பைக் காட்டும் கமாண்ட்) 100 சதவீதம் யூட்டில், அதாவது டிஸ்க் எந்நேரமும் வேலையில், என்று வந்தால் பயப்படாதீர்கள், பின்னால் இருபது டிஸ்க் இருந்தாலும் லினக்ஸுக்குத் தெரிவது ஒன்றுதான். அவெய்ட்டை, அதாவது ஒரு கோரிக்கை முடிய ஆகும் நேரத்தைப் பாருங்கள். அப்புறம் ஜம்போ ஃப்ரேம், அதாவது வழக்கத்தைவிடப் பெரிய நெட்வொர்க் பாக்கெட். ஒரு முனையில் 9000 பைட், நடுவில் ஏதோ ஒரு சுவிட்ச்சில் 1500. சாதாரண பிங் ஒழுங்காகப் போகும், பெரிய ரைட் மட்டும் தொங்கும். 8972 பைட்டில், துண்டாக்காதே என்று சொல்லிப் பிங் போட்டுப் பாருங்கள்.

இரவுஷிப்ட்
அண்ணே, அனுபவத்தைக் கேட்டேன், பாடத்தை அல்ல. என்றாலும் தின் லன் விஷயம் எனக்குப் புதிது, அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டாண்ட்பை
இதை இதுவரை எங்கும் சொன்னதில்லை.

கிளஸ்டரில் இரண்டு சர்வர். ஸ்டாண்ட்பையில் (முதல் சர்வர் விழுந்தால் எழக் காத்திருப்பது) புது லன்னை அளக்க வேண்டும். ஃபைல் எதற்கு, நேராக டிவைஸ் மேலேயே ஓட்டினால்தான் சுத்தமான நம்பர் என்று எங்கோ படித்திருந்தேன். எஸ்டிசி (புது லன்னுக்கு லினக்ஸ் வைத்திருந்த பெயர்) மேல் ரேண்டம் ரைட் விட்டேன். முந்தின நாள் ரீபூட் ஆனதில் ஐஸ்கஸி லாகின் வரிசை மாறி, புது லன் எஸ்டிடி ஆகி, எஸ்டிசி என்ற பெயர் வேறொரு டிஸ்க்குக்குப் போய்விட்டிருந்தது. மவுண்ட் ஆன டிஸ்க்கில் எழுதச் சொன்னால் எஃப்ஐஓ மறுத்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தது அடுத்த சர்வரில். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சும்மா கிடக்கும் டிஸ்க்.

நம்பர் பிரமாதமாக வந்தது. நான் அதைக் காப்பி பண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்து சீட்டிலிருந்து, "டேய், உனக்கு மெயில் வருதா?" என்று குரல். கன்ட்ரோல்-சி அடித்தேன். 40 செகண்ட் ஓடியிருந்தது. பேக்கப்பிலிருந்து எடுத்து நிறுத்த மறுநாள் மதியம் ஆயிற்று. இப்போதெல்லாம் பை-ஐடி பெயரை (ரீபூட் ஆனாலும் மாறாத டிஸ்க் பெயர்) முழுசாக டைப் செய்து, வாய்விட்டுப் படித்த பிறகுதான் என்ட்டர்.

பழையரூட்
லன் மாஸ்கிங் ஒழுங்காக...

ஸ்டாண்ட்பை
தெரியும் அண்ணே. கிளஸ்டரில் இரண்டு சர்வருக்கும் அந்த லன் தெரிந்துதான் ஆக வேண்டும்.

குடத்துநீர்
கிளவுட் டிஸ்க், 100 ஜிபி. ஐந்து நிமிட டெஸ்டில் 3000 ஐஓபிஎஸ், கோடு போட்ட மாதிரி நேராக. லைவ் போன அன்று அரைமணி நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் கிராஃப் கத்தியால் வெட்டியதுபோல 300க்கு விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. கூடுதல் வேகத்துக்காகச் சேர்த்துவைத்த கிரெடிட் தீர்ந்துபோயிற்று. எல்லாம் அவர்களுடைய டாக்குமெண்டில் தெளிவாக எழுதித்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் நிறுத்தியது நான்.

கமிட்
குடத்துநீர், அதற்கு அந்த மேடம் வந்து நின்றாரா?

குடத்துநீர்
இல்லை. நேராக எம்டி போன் செய்தார்.

இரவுஷிப்ட்
பழையரூட் அண்ணனுக்காக ஒன்று. அந்த அக்கா நோட்டில் என்ன எழுதினார் என்று போன மாதம் கேட்டேவிட்டேன். அவருக்கு அந்த மீட்டிங்கே நினைவில்லை. நோட்டைத் தேடி எடுத்தார். அன்றைய தேதிக்குக் கீழே, "10 ஜிகாபிட் கார்டு இரண்டு, கொட்டேஷன் வாங்கணும்" என்று இருந்தது.