காட்டை நம்பி வாழ்பவர்களின் இழப்பு எந்தக் கணக்கில் சேரும்?

கேள்வி: படுவான்கரையிலிருந்து

மட்டக்களப்பு மாவட்டத்தில், உன்னிச்சைப் பக்கத்துக் காட்டோரக் கிராமமொன்று என்னுடையது. கோடையில் என் பெரியம்மா பாலைப்பழமும் வீரைப்பழமும் பொறுக்கி ஓலைப்பெட்டியில் சந்தைக்குக் கொண்டுபோவார். பெரியப்பா தேன் எடுப்பார். அண்மைக் காலமாக மாரி முடிந்த பின்னும் மழை கொட்டிப் பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன. கடந்த முறை பெரியம்மா விடியலில் போய் வெயில் சாய்ந்து திரும்பியபோது அரைப்பெட்டிகூட நிரம்பியிருக்கவில்லை. வெள்ளத்தில் வேளாண்மை அழிந்தால் காப்புறுதி உண்டு, கணக்கெடுக்க அதிகாரிகள் வருவார்கள். பெரியம்மாவின் வெறும் பெட்டியை யார் கணக்கெடுப்பது? இதற்குக் காலநிலை மாற்றத்தைக் காரணமாகச் சொல்லலாமா?

பதில் 1: அம்பாறையிலிருந்து

தம்பி, பாலை இயல்பாகவே ஓராண்டு நிறையக் காய்த்து மற்றோராண்டு குறைவாகக் காய்க்கும் மரம் என்பதால், ஒரு பருவத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது. ஆயினும் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால்தான் மழை பெய்தால் பெருமழையாகிறது. காட்டோரத்தை வெட்டி வெளியாக்கினால் மண் விரைவில் காய்ந்து, வறட்சி இரட்டிப்பாகத் தாக்குகிறது. காட்டினுள் நீர்நிலைகள் வற்றும்போது யானைகள் குளங்களையும் வயல்களையும் நாடி வருகின்றன. அப்போது பழம் பொறுக்கப் போகும் பெண்களுக்கு வருமானத்தோடு உயிரும் கேள்விக்குறியாகிறது.

பதில் 2: வாகரையிலிருந்து

எங்கள் பக்கத்திலும் இதே நிலைதான், ஐயா. உவர்நீர்க் கரையில் வளரும் கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. ஆற்றுநீர் வரத்துக் குறைந்தால் களப்பு, அதாவது கடலோர நீரேரி, உவர்ப்பேறுகிறது; திடீர் வெள்ளம் வந்தால் ஒரே நாளில் நன்னீராகிவிடுகிறது. இரண்டையும் குஞ்சுகள் தாங்குவதில்லை. கண்டலை வெட்டக்கூடாது என்பதை மனமார ஏற்கிறேன். ஆனால் அந்த விறகிலேயே உலை வைத்த வீட்டுக்கு வேறு வழி காட்டாமல் தடை மட்டும் விதிப்பது நியாயமன்று. கடலையும் காட்டையும் சேர்த்தே நம்பி வாழ்ந்த இங்குள்ள பழங்குடி வேடர் குடும்பங்களையே இது முதலில் வாட்டுகிறது. உங்கள் மாதர் சங்கம் பழத்தின் அளவையும் விலையையும் பருவந்தோறும் எழுதிவைத்தால், கிராம உத்தியோகத்தரிடம் காட்ட ஒரு சான்றாவது கையில் இருக்கும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு பெரியம்மாவிடம் பழைய பருவங்களைக் கேட்டு எழுதத் தொடங்கினேன். அவர் ஆண்டுகளை எண்ணால் சொல்வதில்லை. சூறாவளிக்கு முந்திய கோடை, பெருவெள்ளத்துக்குப் பிந்திய கோடை என்றே சொல்கிறார். 1978, 2011 என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, அவர் சொன்ன பெட்டிக் கணக்கை அப்படியே பதிந்திருக்கிறேன்.