‘ஆயர் ஈத்தாம் வீடு’ குழு: வள்ளி சித்தியின் கை

காலை 9:12
கவிதா: எல்லாருக்கும் வணக்கம். அம்மா விஷயம். விமானக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் நேற்று பேசினார். விமானத்தில் அம்மா கையில் அடிபட்டதற்கு 3,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) தருகிறார்களாம். தாள் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறாராம். என்ன செய்யலாம்?

9:14
லெட்சுமி பெரியம்மா: கை எப்படி இருக்கிறது

9:14
கவிதா: மணிக்கட்டில் மாவுக்கட்டு. இன்னும் நான்கு வாரம்.

9:15
ரவி (செந்தூல்): 3,000 மட்டுமா!

9:31
பெரிய மாமா: யாரும் அவசரப்பட வேண்டாம். வக்கீல் ஆபீசில் 31 வருஷம் கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். உள்நாட்டு விமானம், வெளிநாட்டு விமானம் இரண்டும் வேறு. சென்னையிலிருந்து பினாங்கு வந்தது வெளிநாட்டுப் பயணம். இதற்கு 1999-இல் மாண்ட்ரியல் நகரில் போட்ட ஒப்பந்தம் பொருந்தும். மலேசியாவும் இந்தியாவும் இரண்டுமே அதில் சேர்ந்த நாடுகள். விமானத்துக்குள்ளே, அல்லது ஏறும்போதோ இறங்கும்போதோ நடந்த விபத்தால் உடம்பில் காயம் பட்டால் கம்பெனி பொறுப்பு. ‘எங்கள் தப்பு இல்லை’ என்று ஓர் எல்லை வரைக்கும் அவர்கள் சொல்லித் தப்ப முடியாது. அந்த எல்லை 2024 டிசம்பர் 28 முதல் 151,880 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியம், வைத்திருக்கும் ஒரு கணக்கு அலகு. நம் காசில் எட்டு லட்சம் வெள்ளிக்கு மேல் வரும்.

9:32
தினேஷ்: எட்டு லட்சமா 😳

9:32
லெட்சுமி பெரியம்மா: வள்ளி அடித்தாள் யோகம்

9:33
ரவி (செந்தூல்): அத்தை இனி தையல் மெஷினை விற்றுவிடலாம்

9:40
பெரிய மாமா: முழுதாகப் படிக்காமல் குதிக்காதீர்கள். அது கம்பெனி தப்ப முடியாத எல்லை மட்டும்தான், கைக்கு வரும் தொகை இல்லை. பட்ட நஷ்டத்தைக் காட்டினால்தான் பணம். ஆஸ்பத்திரி பில், மருந்துச் சீட்டு, இனிமேல் போகும் உடற்பயிற்சி சிகிச்சை, தைக்க முடியாமல் போன வருமானம், இவற்றுக்கெல்லாம் தாள் வேண்டும். தண்டனைபோல அதிகமாகக் கேட்க ஒப்பந்தத்தில் இடமில்லை.

9:41
சுமதி அத்தை: எனக்குக்கூட அவளுக்கு அடிபட்ட செய்தி கேட்டதிலிருந்து நெஞ்சு படபடப்பு

9:42
பெரிய மாமா: வீட்டில் இருந்தவளுக்கு ஏது விபத்து. மனவேதனை மட்டும் என்றால் பயணிக்கே கிடைப்பது கஷ்டம், உடம்புக் காயம் வேண்டும்.

9:42
சுமதி அத்தை: சரி சரி

9:50
லெட்சுமி பெரியம்மா: தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் பந்தலில் மோர் யார் பொறுப்பு? போன வருஷம் மாதிரி கடைசி நிமிடத்தில் என்னிடம் வரக்கூடாது.

9:51
ரவி (செந்தூல்): நாற்காலி நான். மோர் நான் இல்லை.

9:58
கவிதா: மாமா, அம்மா தைப்பூசத்துக்குத் தைத்துத் தர 40 ரவிக்கை ஆர்டர் வாங்கி வைத்திருந்தார். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதற்கு என்ன தாள்?

10:03
பெரிய மாமா: ஆர்டர் புத்தகம் இருக்குமே. அந்த நீல நோட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடு. முன்பணம் திருப்பிக் கொடுத்ததற்கும் ஆளாளிடம் ஒரு வரி வாங்கு. போர்டிங் பாஸ் இருக்கிறதா?

10:04
கவிதா: அம்மா அதைத்தான் கந்த சஷ்டி கவசப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கிறார்.

10:05
பெரிய மாமா: எடுத்துப் பத்திரப்படுத்து. முருகனுக்கு வேறு ஏதாவது வை.

10:11
ரவி (செந்தூல்): அப்பா, 2024 மே மாதம் அந்த சிங்கப்பூர் விமானம் குலுங்கி பாங்காக்கில் இறங்கியதே, SQ321. லேசான காயத்துக்கு 10,000 அமெரிக்க டாலர், பலத்த காயத்துக்கு முன்பணம் 25,000 என்று கம்பெனியே சொன்னது. நமக்கு மட்டும் 3,000 வெள்ளியா?

10:13
பெரிய மாமா: அது அவர்களாக முன்வந்து சொன்னது. நாம் அதை உதாரணமாகக் காட்டலாம், உரிமையாகக் கேட்க முடியாது. நம் கேள்வி அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது. கவிதா, படம் போடு.

10:16
கவிதா: 📷
கவிதா: கடைசிப் பத்தி பாருங்கள். ‘முழு இறுதித் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’.

10:19
பெரிய மாமா: இதுதான். கட்டுப் பிரித்து விரல் மடங்குகிறதா என்று பார்க்கும் முன்னே இறுதியாம். கையெழுத்துப் போடக்கூடாது. அவசரம் அவர்களுக்குத்தான். நமக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, வந்து இறங்கிய நாளிலிருந்து. ஆனால் இரண்டு வருஷம் என்றால் இரண்டே வருஷம், அதற்குள் கோர்ட்டில் பதிந்திருக்க வேண்டும். எம்ஹெச்370 விமானம் காணாமல் போனது 2014 மார்ச் 8. கெடு 2016 மார்ச் 8. கடைசி நாட்களில் பல குடும்பங்கள் வழக்குப் போட்டது ஞாபகம் இருக்கும்.

10:20
கவிதா: இந்தியாவுக்குப் போய் வழக்குப் போட வேண்டுமா? கம்பெனி அங்கேதானே.

10:22
பெரிய மாமா: வேண்டாம். போகவர ஒரே டிக்கெட், புறப்பட்ட இடம் பினாங்கு. அப்படி என்றால் போய்ச் சேரும் இடமும் பினாங்குதான். இங்கேயே போடலாம்.

10:30
தினேஷ்: மாமா, ஒரு சந்தேகம். விழுந்தது நம் பைதான். அதைச் சொல்லலாமா?

10:30
ரவி (செந்தூல்): என்ன பை?

10:31
தினேஷ்: பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கப் போகும்போது மழை. ஒரு குலுக்கு. மேல் பெட்டி திறந்துகொண்டது. சித்தி ஓரத்து சீட். பை நேராகக் கையில். உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு, ஒன்பது கிலோ. அன்னத்தின் மூக்கே வளைந்துவிட்டது.

10:32
லெட்சுமி பெரியம்மா: குத்துவிளக்கா? யாருக்கு?

10:32
தினேஷ்: சுமதி அத்தை சொன்னார்கள், மயிலாப்பூரில் வாங்கி வரச் சொல்லி

10:33
கவிதா: 🙂

10:36
சுமதி அத்தை: நான் ஐந்து கிலோ என்றுதான் சொன்னேன்.

10:41
பெரிய மாமா: பை யாருடையது என்பது வழக்குக்கு முக்கியமில்லை. பயணிக்கு வெளியிலிருந்து, எதிர்பாராமல் வந்ததா என்பதே கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-இல் அப்படித்தான் சொன்னது, இங்கேயும் அதையே காட்டுவார்கள். பெட்டி திறந்தது அந்த மாதிரிதான். பணம் கேட்கிறவரின் கவனக்குறைவும் காயத்துக்குக் காரணம் என்று கம்பெனி நிரூபித்தால் தொகையைக் குறைக்கலாம். வள்ளி சும்மா உட்கார்ந்திருந்தாள். பையை மேலே வைத்தது தினேஷ்.

10:42
தினேஷ்: நன்றி மாமா

10:43
ரவி (செந்தூல்): 😂😂

10:50
லெட்சுமி பெரியம்மா: மோர் யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை

10:52
கவிதா: சரி, வெள்ளிக்கிழமை அந்த ஆளை என்ன சொல்லி அனுப்புவது?

10:55
பெரிய மாமா: டீ கொடு. தாளை வாங்கி வை. ‘வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று மட்டும் சொல். யாரைப் பார்ப்பது என்று நான் பிறகு சொல்கிறேன்.

10:56
கவிதா: பிறகு என்றால் எப்போது மாமா?

10:58
ரவி (செந்தூல்): 5,000 என்று ஏற்றிக் கேட்டுப் பார்க்கலாமே

10:58
பெரிய மாமா: ரவி நீ நாற்காலி வேலையைப் பார்.

11:07
வள்ளி சித்தி: 🎤 0:38

11:09
ரவி (செந்தூல்): ஆபீசில் இருக்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதுங்கள்.

11:12
கவிதா: அம்மா சொல்வது: ‘அண்ணே, வலது கை முழுக்க மாவுக்கட்டு, நான் எங்கே கையெழுத்துப் போடுவது? அதையே அந்த ஆளிடமும் சொன்னேன். பரவாயில்லை அம்மா, இடது பெருவிரல் ரேகை போதும், மை நாங்கள் கொண்டு வருகிறோம் என்கிறார்.’

11:14
லெட்சுமி பெரியம்மா: அப்பாவிடம் வாங்கியதும் இடது பெருவிரல்தான். மை கொண்டு வந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

11:15
பெரிய மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

11:19
பெரிய மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

11:34
சுமதி அத்தை: மோர் நான் பார்த்துக்கொள்கிறேன்.

11:35
கவிதா: அத்தை, விளக்கு இங்கே வீட்டு வாசலிலேயே இருக்கிறது. யார் வந்து எடுக்கிறீர்கள்?