கரண்ட் போனால் சம்ப் வழிகிறது: நானே செய்த கடல்தொட்டி ஃபில்டர்

காவேரிப்பட்டணம் ரீஃப்:

வணக்கம். பத்து வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன், கடல்தொட்டி இதுதான் முதல். தொட்டி நாலுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை அடி. கீழே ஸ்டாண்டுக்குள் சம்ப் (மேல்தொட்டித் தண்ணீர் வடிகாலில் இறங்கிச் சுத்தமாகும் ஃபில்டர் தொட்டி), இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், 15 இன்ச் உயரம். கண்ணாடி வெட்டி வாங்கி நானே சிலிகான் வைத்து ஒட்டினேன். முதல் அறையில் ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), நடுவில் கல்லுக்கு இடம், கடைசியில் தண்ணீரை மேல்தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் மோட்டார். வடிகால் ஒரு இன்ச் யுபிவிசி பிளாஸ்டிக் குழாய், ரிட்டர்ன் குழாய் முக்கால் இன்ச்.

முந்தாநாள் இரவு கரண்ட் போய்விட்டது. காலையில் அம்மா எழுப்பினார், கூடம் முழுக்க உப்புத்தண்ணீர். ஒன்றரை பக்கெட் பிழிந்து ஊற்றினேன். மோட்டார் ஓடும்போது சம்பில் 9 இன்ச் தண்ணீர்தான் நிற்கிறது, மேலே 6 இன்ச் காலி. அப்படியும் எப்படி வழிந்தது? ரிட்டர்ன் வாய் மேல்தொட்டி நீர்மட்டத்துக்கு 4 இன்ச் கீழே இருக்கிறது. தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வு போட்டால் போதும் என்கிறார் ஹார்டுவேர் கடைக்காரர்.

வடிகால் குழாயும் ராத்திரி முழுக்க கொடகொடவென்று சத்தம் போடுகிறது. அப்புறம், ராமேஸ்வரத்தில் இருந்து பவளக்கல் கொண்டுவந்து தருவதாக நண்பர் ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா? மீன் இன்னும் விடவில்லை.

தர்மபுரி உப்புத்தண்ணி:

தம்பி, மீன் விடும் முன்பே இது நடந்தது நல்லதுதான். குற்றம் சம்பில் இல்லை, அந்த 4 இன்ச்சில் இருக்கிறது. மோட்டார் நின்றதும் ரிட்டர்ன் குழாய் தலைகீழாக இழுக்க ஆரம்பிக்கும். வாய்க்குள் காற்று புகும்வரை நிற்காது. உங்கள் தொட்டியின் பரப்புக்கு நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே ஐந்தரை லிட்டர். 4 இன்ச் என்றால் 56 லிட்டர் இறங்கும். சம்பில் காலியாக இருப்பதோ 34 லிட்டர்தான். மீதி கூடத்துக்கு வந்துவிட்டது. அதோடு முக்கால் கிலோ உப்பும் போயிருக்கும்.

செக் வால்வை நம்பாதீர்கள். கடல்நீரில் நத்தைக் குஞ்சும் சுண்ணாம்பும் உள்ளே ஒட்டிக்கொண்டு அது சரியாக மூடாமல் போகும். ரிட்டர்ன் வாயை உயர்த்தி நீர்மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே வையுங்கள். பிறகு மோட்டாரை நிறுத்தி, மேலிருந்து இறங்குவதெல்லாம் இறங்கி முடிந்ததும், சம்ப் விளிம்புக்கு இரண்டு இன்ச் கீழே வரும்வரை மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். மோட்டாரை ஓடவிட்டு, ரிட்டர்ன் அறையில் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கரால் கோடு போடுங்கள். இனி அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு சொம்பு கூட ஊற்றக் கூடாது. இந்தக் கோடு எல்லா வால்வையும் விட உசத்தி.

சத்தத்துக்குக் காரணம் தண்ணீரோடு காற்றும் கலந்து இறங்குவது. இரண்டாவதாக ஒரு வடிகால் துளை போடுங்கள். முதல் குழாயில் வால்வு வைத்து, காற்றே புகாமல் முழுக் குழாயாக இறங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். இரண்டாவது குழாயின் வாய் சற்று உயரத்தில் இருக்கட்டும், அதில் வால்வே வேண்டாம். முதல் குழாய் அடைத்தால் அதுதான் காப்பாற்றும். கேட் வால்வு கேட்டால் நம்ம ஊர்க் கடையில் பித்தளையைத்தான் எடுத்து வைப்பார்கள். வேண்டாம். பித்தளையில் இருக்கும் செம்பு தண்ணீரில் இறங்கினால் இறாலும் பவளமும் செத்துப்போகும். பிளாஸ்டிக் பால் வால்வே போதும்.

ஓசூர் நீலத்தொட்டி:

அந்தக் கல்லை வாங்காதீர்கள் சார். கல் போன்ற உடலுடைய பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாப் பாறையை உடைத்து எடுத்து நம் வீட்டில் அழகு பார்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் செராமிக் மீடியாவும் செயற்கைக் கல்லும் வைத்திருக்கிறேன். அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு அதுவே வீடு. அந்த பாக்டீரியா நிலைபெற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை மீன் வேண்டாம்.

எந்தத் தண்ணீரில் உப்பு கலக்கினீர்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துப் போர் தண்ணீரிலும் ஃபுளோரைடு தொல்லை உண்டு, ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. வீட்டு ஆர்ஓ போட்டாலும் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகள், கொஞ்சம் மிஞ்சும். பின்னால், மிஞ்சிய உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குப்பி மாட்டிப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். அதனால் குறைந்ததை உப்பில்லாத அதே ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். உப்புத்தண்ணீரின் ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால்) 1.025ஐ ஒட்டி நிற்கட்டும்.

காவேரிப்பட்டணம் ரீஃப்:

அண்ணா, ரிட்டர்ன் வாயை உயர்த்திவிட்டேன். கோடும் போட்டாச்சு. இன்று மெயினை ஐந்து முறை அணைத்துப் பார்த்தேன். ஐந்து முறையும் விளிம்புக்கு இரண்டு இன்ச் கீழேயே நின்றது, அம்மாவும் கூட நின்று பார்த்தார். கல் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். உப்பு கலக்கியது போர் தண்ணீரில்தான். ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் வடித்துவிட்டு, இரண்டாவது துளை போட்டு, ஆர்ஓ தண்ணீரில் முதலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.