புதுப்பிப்பு: மணியை மோரிப் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம்

மலேசியாவில், பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்திலேயே வளர்ந்த, கடலையே பார்க்காத எங்கள் நாய் மணியை இந்த வெயிலில் மோரிப்புக்குக் கூட்டிப்போகலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். விடிந்ததும் போங்கள், வாரை அவிழ்க்காதீர்கள் என்று சொன்ன அனைவருக்கும் நன்றி.

நேற்று ஏழரைக்கெல்லாம் போய்விட்டோம். நீர் வற்றியிருந்தது. அங்கே கடல் இறங்கினால் வெகுதூரம் போய்விடும், மிச்சமெல்லாம் சேறு. 1945 செப்டம்பரில் கரையிறங்கிய பிரிட்டிஷ் படையின் வண்டிகள் புதைந்ததும் இந்தக் கரையில்தான். மணிக்கோ அது சொர்க்கம். நண்டு வளைகளை ஒவ்வொன்றாக மோந்து, மூக்கில் சேறு பூசி, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஒன்பது வருடத்தில் அவனை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

மலாய்க் குடும்பங்கள் பாய் விரித்த பக்கம் போகவில்லை. நாயின் எச்சில் பட்டால் இஸ்லாமிய முறைப்படி அவர்கள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். நாம்தான் ஒதுங்க வேண்டும்.

ஒரு தவறு நடந்தது. நான் கவனிக்காத நேரம் கடல்நீரைக் குடித்து இரண்டு முறை வாந்தி எடுத்தான். பயந்துவிட்டேன். நிழலில் படுக்கவைத்து, நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததும் தேறினான். அடுத்த முறை முதலிலேயே தண்ணீர் காட்டிவிடுவேன்.

பத்து மணிக்கு மணலில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், ஏழு விநாடி தாங்கவில்லை. அப்படியென்றால் அவன் பாதமும் சுட்டுவிடும். சரி, கிளம்பிவிட்டோம். வீட்டில் உப்பு போகக் குளிப்பாட்டினேன். இன்னும் தூங்குகிறான்.