மகளுக்கு டொன்சில் சத்திரசிகிச்சை: அனுபவப்பட்ட பெற்றோரே, சொல்லுங்கள்

கல்லடியில் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு 7 வயது. இந்த ஒரு வருடத்துக்குள் 7 தடவை டொன்சில் வீங்கிக் காய்ச்சலில் படுத்துவிட்டாள். நேற்றிரவு டோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சிவந்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் சீழ். எச்சில் விழுங்கவே பிள்ளைக்குக் கண் கலங்குகிறது. 10 நாளைக்கு அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் மருந்து தந்திருக்கிறார்கள். காய்ச்சல் விட்டாலும் இடையில் நிறுத்தமாட்டேன். போன முறை மூன்றாம் நாளே நிறுத்தியது என் பிழை.

இது மாறியதும் வெட்டி எடுப்பதே நல்லது என்கிறார் வைத்தியர். ஆறுவதற்கு இரண்டு வாரம் வரை ஆகுமாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் இரத்தம் கசியலாம், கசிந்தால் உடனே கொண்டுவர வேண்டும் என்றார். அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

பிள்ளைக்கு இதைச் செய்த அம்மாமார், அப்பாமார் சொல்லுங்கள்: வலியில் தண்ணீர் வேண்டாம் என்றால் எப்படிக் குடிக்க வைத்தீர்கள்? கஞ்சி இறங்கியதா? எத்தனை நாளில் பள்ளிக்கூடம் அனுப்பினீர்கள்?