இந்த இலையுதிர்கால அல்பங்களில் முழுதாய்க் கேட்கத் தகுந்தது எது?

அம்பாள்குளம் (கிளிநொச்சி) எழுதியது:

மேற்கு நாடுகளில் இலையுதிர்காலம் வந்தால் பொப் இசையின் பெரிய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அல்பங்களை வெளியிடுவது வழக்கம். நமக்கு அதே மாதங்கள் காலபோக விதைப்பின் மாதங்கள். மழை பிடித்துக்கொண்டால் ஓர் அல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்க நேரம் வாய்க்கிறது. 2025இன் இந்தப் பருவத்தில் வந்தவற்றுள் நான்கை எடுத்துக்கொள்கிறேன்: பிரித்தானியப் பாடகி ஒலிவியா டீனின் ‘த ஆர்ட் ஒஃப் லவிங்’ (செப்டெம்பர் 26), அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ‘த லைஃப் ஒஃப் எ ஷோகேர்ள்’ (ஒக்டோபர் 3), பிரித்தானியப் பாடகி லில்லி அலனின் ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்’ (ஒக்டோபர் 24), ஸ்பானியப் பாடகி ரொசாலியாவின் ‘லுக்ஸ்’ (நவம்பர் 7).

இவற்றுள் ‘லுக்ஸ்’ மற்ற மூன்றையும் விட மிக உயரத்தில் நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து. லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு, நான்கு பகுதிகளாக, பெண் புனிதர்களின் வாழ்க்கைகளைத் தழுவி, 13 மொழிகளில் பாடப்பட்ட ஓர் அல்பத்தைப் பொப் உலகின் முன்வரிசையில் இருக்கும் ஒருவர் துணிந்து வெளியிட்டிருக்கிறார். ‘பேர்கைன்’ பாடலைக் கேட்டுப் பாருங்கள். வயலின்கள் பாய்ந்து வர, ஜெர்மன் மொழியில் கோரஸ் எழ, அதற்கு மேலே ரொசாலியாவின் குரல் ஒப்பெராப் பாடகியைப் போல ஏறுகிறது. பிறகு ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் குரல் குறுக்கே நுழைகிறது. கடைசியில் ஓர் ஆண் குரல் ஒரே வாக்கியத்தைக் கடுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லப் பாடல் முடிகிறது. இவ்வளவும் மூன்று நிமிடத்துக்குள்.

‘ஷோகேர்ள்’ அல்பத்துக்காக நானும் ஆவலோடு காத்திருந்தேன். சுவீடனின் இசைத் தயாரிப்பாளர்கள் மக்ஸ் மார்ட்டினும் ஷெல்பேக்கும் ஸ்விஃப்டோடு மீண்டும் சேர்கிறார்கள் என்ற செய்தி, அவர்கள் சேர்ந்து உழைத்த 2014இன் ‘1989’ அல்பத்தை நினைவூட்டியது. வந்ததோ நடுத்தர வேகத்தில் தேங்கி நிற்கும் பாடல்கள். முப்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் அதை விற்ற முயற்சியில் ஒரு பங்கை மெட்டுகளில் செலவிட்டிருக்கலாம்.

மாங்குளத்தான் எழுதியது:

அக்கா, உங்கள் ரசனையை மதிக்கிறேன். தீர்ப்பை ஏற்க முடியவில்லை. ‘ஷோகேர்ள்’ 12 பாடல்கள், ஏறத்தாழ 41 நிமிடங்கள். அதற்கு முந்தைய அல்பம், 2024இல் வந்தது, விரிவாக்கப்பட்ட வடிவத்தில் 31 பாடல்களோடு இரண்டு மணிநேரம் ஓடியது. அவ்வளவு நீளமாகப் பேசிய ஒருவர் அடுத்த ஆண்டே இத்தனை இறுக்கமாகச் சுருக்கியிருப்பதை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அதிலுள்ள ‘ஃபாதர் ஃபிகர்’ பாடலை மட்டும் பார்ப்போம். பிரித்தானியப் பாடகர் ஜோர்ஜ் மைக்கேல் 1987இல் காதலுக்காகப் பாடிய சொற்றொடரை, முறையாக அவர் பெயரையும் பாடலாசிரியர் வரிசையில் சேர்த்து, ஸ்விஃப்ட் எடுத்து ஆள்கிறார். அவரிடத்தில் அது இசைத் தொழிலில் இளையவரை வளர்த்துவிட்டு உரிமை கொண்டாடும் முதலாளியின் குரலாகிறது. பாடல் முடிவதற்குள் அந்த அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதும் புரண்டுவிடுகிறது. ஒரு மெட்டின் நினைவு நம் மனதில் ஏற்கெனவே இருப்பதை நம்பி, அதன் மேலேயே புதிய பொருளைக் கட்டுகிறார். இதைச் செய்ய இசைக்குழு தேவையில்லை. எழுத்துத் திறன் தேவை.

இன்னொன்றையும் கேட்கிறேன். 13 மொழிகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை நமக்குத் தெரியாது. புரியாத மொழியில் வரும் வரி ஆழமானதாகத்தான் ஒலிக்கும். புரிகிற மொழியில் எழுதும் ஸ்விஃப்டிடம் மட்டும் ஒவ்வொரு வரியையும் நிறுத்துப் பார்க்கிறோம். இரண்டுக்கும் ஒரே அளவுகோலா?

மடுவீதி எழுதியது:

மொழி பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊர்களில் தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் பாடக் கேட்டு வளர்ந்தவள் நான். சிறு வயதில் அந்தப் பழந்தமிழில் பாதி எனக்கு விளங்கியதில்லை. இருந்தும் எந்த இடத்தில் துயரம் ஏறுகிறது, எந்த இடத்தில் குரல் உடைகிறது என்பதைப் பிழையின்றி அறிந்திருந்தேன். பெரியவர்கள் அழும் இடமும் நான் அழும் இடமும் ஒன்றாகவே இருந்தன.

ரொசாலியா இத்தாலிய மொழியில் பாடும் ‘மியோ கிறிஸ்டோ’ பாடலில் அதே அறிவு வேலை செய்கிறது. மெல்ல ஏறி, உச்சத்தில் இசைக்குழு முழுவதும் எழும் இடத்தில், சொல் தெரியாதவருக்கும் அது மன்றாட்டு என்பது விளங்கும். எனவே புரியாமையால் வரும் மயக்கம் என்று மாங்குளத்தான் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் அம்பாள்குளம் அக்காவிடமும் ஒரு குறை உண்டு. பக்தி இசையின் கருவிகளைக் கையில் எடுத்ததாலேயே ஒரு பொப் அல்பம் உயர்ந்துவிடாது. சில பாடல்களில் அலங்காரம் மிகுந்து மெட்டு ஒளிந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முள்ளியவளை எழுதியது:

நான் உங்கள் எல்லோரையும் விட வயதில் மூத்தவன். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு வரும் என்பதை வானொலி நிலையம் தீர்மானித்தது. ஆகவே ஒவ்வொரு பாட்டும் தன் காலில் தானே நிற்க வேண்டியிருந்தது.

அந்தப் பழக்கத்திலிருந்துதான் நான் பேசுகிறேன். வரிசையாய்க் கேட்டால்தான் விளங்கும் என்று ஓர் அல்பத்துக்காக வாதாடும்போது, அதன் தனிப் பாடல்கள் தனியே நிற்கமாட்டா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ‘ஷோகேர்ள்’ அல்பத்தில் வரும் ‘த ஃபேட் ஒஃப் ஒஃபீலியா’ பியானோவோடு அமைதியாகத் தொடங்கி, தாளம் நுழைந்தவுடன் எழுந்து நடக்கிறது. ஹாம்லெட் நாடகத்தில் நீரில் மூழ்கிப்போகும் ஒஃபீலியாவின் கதியிலிருந்து தான் மீட்கப்பட்டதாகப் பாடுகிறாள் அந்தப் பெண். நாடகத்தை அறியாதவருக்கும் பாட்டு போதும். ஏ9 வீதியில் போகும் தனியார் பேருந்தில், அந்த இரைச்சலுக்கு நடுவிலும், அது கேட்கும்.

அம்பாள்குளம் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்லும் காலத்தின் கேட்பை நான் மிகவும் மதிக்கிறேன். அவ்வளவு பாடுபட்டுக் கேட்டவர்களுக்கு ஒரு பாட்டின் பெறுமதி எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இன்று வரிசையைத் தெரிவு செய்யும் உரிமை நம் கைக்கு வந்திருக்கிறது. 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, அல்பங்களைக் கலைத்துப் போட்டு ஒலிக்கச் செய்யும் பொத்தானை இணைய இசைச் சேவையான ஸ்பொட்டிஃபை முதன்மை இடத்திலிருந்து அகற்றியது. பாடல் வரிசையும் படைப்பின் ஒரு பகுதி என்பதற்காகவே அவர் அதைக் கேட்டார்.

ஸ்விஃப்டின் விற்பனையைப் பற்றி நான் எழுதியதிலும் மாற்றமில்லை. ‘ஷோகேர்ள்’ அமெரிக்காவில் முதல் வாரத்தில் 40 இலட்சம் அலகுகளை (விற்பனையும் இணையக் கேட்பும் சேர்ந்த கணக்கு) தாண்டி, 2015இல் அடேலின் ‘25’ வைத்திருந்த சாதனையை முறியடித்தது உண்மை. ஒரே இரசிகர் ஒரே பன்னிரண்டு பாடல்களைப் பல அட்டைகளில் வாங்கியதும் அதில் அடங்கியிருக்கிறது.

மாங்குளத்தான் எழுதியது:

வன்னியில் எந்தக் கடையிலும் இந்த இசைத்தட்டுகள் வந்து இறங்கப் போவதில்லை. அட்டைகளின் எண்ணிக்கை நம்மைத் தொடவே இல்லை; நமக்கு வந்து சேர்ந்தவை பாடல்கள் மட்டுமே. ‘லுக்ஸ்’ பற்றி அதையே சொல்ல முடியுமா? இறுவட்டிலும் இசைத்தட்டிலும் 18 பாடல்கள். வெளிவந்தபோது கைபேசியில் கேட்கும் நமக்குக் கிடைத்தவை 15 மட்டுமே. வரிசையும் முழுமையும் படைப்பின் உயிர் என்று வாதாடும் அக்கா, அந்த மூன்று பாடல்கள் இல்லாமல் கேட்டதை முழுமை என்று எப்படி ஏற்றுக்கொண்டார்? என் பார்வையில் ஸ்விஃப்டின் விற்பனை முறையை விட இதுதான் தொலைவில் இருக்கும் கேட்பவருக்கு நேரே இழைக்கப்பட்ட குறை.

மடுவீதி எழுதியது:

இருவரும் மூன்றாவது அல்பத்தைத் தொடாமலே போகிறீர்கள். ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்’ 14 பாடல்களில் ஒரு திருமணம் உடைவதைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறது. உண்மையும் கற்பனையும் கலந்தது என்று லில்லி அலனே கூறியிருக்கிறார். முதற்பாடல் புது வீட்டையும் புது நகரத்தையும் இனிமையாகப் பாடிக்கொண்டு வந்து, பாதியில் ஒரு தொலைபேசி அழைப்புக்குள் நுழைகிறது. அவளுடைய பதில்கள் மட்டும் நமக்குக் கேட்கின்றன. மறுமுனையில் என்ன சொல்லப்படுகிறது என்பது அவளுடைய குரல் தளர்வதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. பின்னால் வரும் பதின்மூன்று பாடல்களும் அந்த அழைப்பிலிருந்தே பிறக்கின்றன.

எளிய ஆங்கிலம், சிறிய மெட்டுகள், கைபேசியில் கிடைக்கும் முழு அல்பம். வரிசை முக்கியம் என்ற அக்காவின் கட்சிக்கும், சொல் விளங்க வேண்டும் என்ற மாங்குளத்தானின் கட்சிக்கும் இதைவிட நல்ல சாட்சி இந்தப் பருவத்தில் இல்லை.

அம்பாள்குளம் எழுதியது:

அந்த மூன்று பாடல்கள் நமக்கு மறுக்கப்பட்டதை நான் நியாயப்படுத்தமாட்டேன். எனக்கும் அது மனக்குறைதான். ஆனால் ‘லுக்ஸ்’ அல்பத்தின் கடைசிப் பாடலான ‘மக்னோலியாஸ்’ தன்னுடைய சாவுச் சடங்கையே கண்முன் கொண்டுவந்து பாடுவது. அதைத் தனியாகக் கேட்டால் அழகான ஒரு பாடல். முன்னே உள்ள பதினான்கையும் கேட்டுவிட்டு அங்கே வந்து சேரும்போது, அத்தனை புனிதர்களின் குரல்களையும் தாங்கி வந்த ஒருத்தி அவற்றை இறக்கி வைக்கிறாள் என்பது விளங்குகிறது. ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்’ முதற்பாடலில் செய்வதை இது கடைசிப் பாடலில் செய்கிறது என்ற அளவில் மடுவீதியோடு உடன்படுகிறேன்.

மாங்குளத்தான் எழுதியது:

அப்படியென்றால் ‘ஷோகேர்ள்’ அல்பத்தின் பன்னிரண்டாவது பாடலையும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள் அக்கா. சப்ரினா கார்பெண்டர் சேர்ந்து பாடும் அந்தத் தலைப்புப் பாடல், 2024 டிசெம்பரில் முடிந்த ஸ்விஃப்டின் ‘எராஸ்’ சுற்றுப்பயண மேடையின் ஒலியோடு நிறைவடைகிறது. மேடைப் பெண்ணின் வாழ்க்கையைப் பதினொரு பாடல்களில் பாடிய பிறகு உண்மையான மேடையும் கூட்டமும் வருகின்றன. வரிசைக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பெண்ணை அதற்கும் கொடுத்துவிட்டு எழுதுங்கள். தொடர்ந்து வாதாட நான் ஆயத்தமாகவே இருக்கிறேன்.